சிவப்புக் கோடு போட்ட சவுக்கு

சந்தேகப்படுவதற்கென்றே ஒரு காலத்தில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேதியியல் பேராசிரியர் என்பது பெயருக்குத்தான். தேர்வுக் காலம் வந்துவிட்டால் கல்லூரியில் நான்தான் தலைமைக் கண்காணிப்பாளன். முழுக்கைச் சட்டை போட்டு வரும் பையன், அடிக்கடி தண்ணீர் கேட்கும் பெண், தேவைக்கு மேல் பணிவாக வணக்கம் சொல்கிறவன், இவர்கள் பக்கத்தில்தான் முதலில் போய் நிற்பேன். என் கணக்கு பெரும்பாலும் தப்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குள் வரும் பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், ஆலயத்தில் காணிக்கைப் பை பிடிக்கிறவர் எல்லோரும் தங்களுக்கே தெரியாமல் என்னிடம் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு வாசல்வரை வந்த ஒரு மரம் உள்ளே வரவில்லை. அதைக் கொண்டுவந்தவரும் அன்றோடு உள்ளே வருவதை நிறுத்திவிட்டார். அவர் என் ஒரே மகளின் கணவர். அவரைத் திரும்ப வீட்டுக்குள் வரவழைக்க முடியுமா என்பதுதான் இந்த ஒரு வருடமாக என் மனதில் இருக்கும் ஒரே கேள்வி. அதை நானாகத்தான் வரவழைத்துக்கொண்டேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்களிடம் பல வருடங்களாக ஒரு பிளாஸ்டிக் மரம்தான் இருந்தது. போன வருட நவம்பர் கடைசியில் பரணிலிருந்து இறக்கியபோது எலி அதன் பாதியைக் கடித்துக் குதறியிருந்தது. என் மனைவி பெட்டியை அப்படியே மூடிவிட்டு, "இந்த வருஷமாவது உயிருள்ள மரம் ஒண்ணு வைக்கலாங்க. இந்தக் குச்சிகளத் துடைச்சுத் துடைச்சு என் கை தேஞ்சுபோச்சு," என்றாள். மகளிடமும் போனில் சொல்லிவிட்டாள். அடுத்த சனிக்கிழமையே மகளும் மருமகனும் காரோடு வந்து நின்றார்கள்.

மருமகனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இருவருக்கும் சிறுசேரியில் மென்பொருள் வேலை. பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறார்கள். அவர் கோவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர். அப்பா இல்லை. அம்மா மீன் விற்கிறார். திருமணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. நானும் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், புகைப்படத்துக்குச் சிரித்தும் வைத்தேன். ஆனால் முதல் நாள் என்னைச் "சார்" என்று கூப்பிட்டவரிடம், மாமா என்று கூப்பிடுங்கள் என நான் சொல்லவேயில்லை. அவரும் "சார்" என்பதை விடவில்லை. என் எதிரில் எப்போதும் கொஞ்சம் கூடுதல் பணிவோடு உட்காருவார். அந்தப் பணிவுதான் என் பழைய கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

வேளச்சேரி சாலையில் வரிசையாக இருக்கும் நர்சரிகளில் ஏறி இறங்கினோம். டிசம்பர் என்றால் எல்லாவற்றிலும் முன்வரிசைக்கு வந்துவிடுவது அரக்கேரியா. குடையைத் தட்டுத் தட்டாக விரித்ததுபோல் கிளை விடும் மரம். தொட்டியில் இடுப்பு உயரம் நிற்கும். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த அளவுக்கு ஒழுங்காக இருக்கும் எதையும் எனக்குப் பிடிப்பதில்லை. அடுத்தது தூயா. இலைகள் விசிறிபோல் தட்டையாக, யாரோ இஸ்திரி போட்டதுபோல இருந்தன. அதற்கடுத்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு சைப்ரஸ். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை அடித்தது. என் மனைவி அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். "பொங்கல் வரைக்கும் தாங்குமாப்பா?" என்று அவள் கேட்டதற்குக் கடைக்காரர், "நீங்க பாத்துக்கறதப் பொறுத்துதாம்மா," என்றார். தாங்காது என்பதற்கு இப்படியும் ஒரு சொல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது நர்சரியில் ஓர் ஊசியிலை மரத்தைத் தனியாக, நிழலில் வைத்திருந்தார்கள்.

"சார், இது ஊட்டி ஐட்டம். ஒரிஜினல் பைன். வேரோட எறக்கியிருக்கோம்," என்றார் கடைக்காரர்.

"வேரோடயா?"

"சத்தியமா சார். இந்த ஏரியாவுலயே நம்ம ஒருத்தர்கிட்டதான்."

நான் தொட்டியைப் பார்த்தேன். மண் புதிது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த அந்த வாரத்தில் மற்ற எல்லாத் தொட்டிகளிலும் ஏதாவது ஒரு புல் தலைகாட்டியிருந்தது. இதில் எதுவுமே இல்லை. மரத்தின் அடியைப் பிடித்து மெதுவாகத் தூக்கினேன். சட்டியிலிருந்து கரண்டி வருவதுபோல் கையோடு வந்துவிட்டது. அடியில் ரம்பம் போட்டு அறுத்த வெட்டு வட்டமாக, வெள்ளையாகத் தெரிந்தது.

"எங்கய்யா வேரு?"

"அது... லோடு ஏத்தறப்ப அறுந்திருக்கும் சார்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மனைவி, "போதும், கீழ வைங்க. கையெல்லாம் சேறு," என்றாள். மருமகன், "சூப்பர் சார்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் அடுத்த நொடியே, இவர் எதற்காக என்னைப் புகழ்கிறார் என்று யோசித்தேன்.

பிற்பாடு எண்ணிப் பார்க்கையில், அந்த வெட்டுப்பட்ட அடிமரம்தான் எனக்குத் தீமை செய்தது என்று தோன்றுகிறது. அன்று என் கணிப்பு சரியாக இருந்தது. என் சந்தேகத்துக்குப் புதிதாக ஒரு சான்றிதழ் கிடைத்துவிட்டது.

எதையும் வாங்காமல் டீக்கடையில் நின்றோம். அப்போதுதான் மருமகன் சொன்னார்.

"சார், சவுக்கு வேணும்னா எங்க வீட்டாண்ட இருக்கு. பின்னாடி வரிசையா நிக்குது. அம்மாகிட்ட சொல்லி ஒண்ணு எடுத்துட்டு வரேன்."

"சவுக்கா? கட்டடத்துக்குச் சாரம் கட்டறதுக்கா?" என்றேன்.

"அப்பா, நம்ம சர்ச்ல முன்னாடியெல்லாம் சவுக்குதானே வெப்பாங்க? அம்மா சொல்லியிருக்காங்களே," என்றாள் மகள். அது உண்மைதான். பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் தாம்பரம் பக்கத்து ஆலயங்களில் எல்லாம் சவுக்குதான் நின்றது. என் மனைவிக்கு உடனே ஆசை வந்துவிட்டது. "மெத்துனு இருக்கும். காத்தடிச்சா சத்தம் வரும்," என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியபடியே, இதற்குப் பதிலாக இவர் என்ன கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். எங்கள் வீடு ஒரு கிரவுண்டு மனையில் நிற்கிறது. வாரிசு ஒரே மகள். என் யோசனை எங்கே போனது என்று இதற்குமேல் விளக்க வெட்கமாக இருக்கிறது.

பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது கார் வந்தது. மேலே மரத்தைப் படுக்கவைத்து, கிளைகள் ஒடியாமலிருக்கப் பழைய மீன்வலை ஒன்றால் இறுக்கிச் சுற்றியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தம் வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் ஆலயத்து மூப்பர். "என்ன சார், மரத்த வலை போட்டுப் பிடிச்சாங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வலையைப் பார்த்தபோது, மறைப்பதற்குத்தான் இவ்வளவு சுற்று சுற்றியிருக்கிறார் என்று பட்டது.

மருமகன் மரத்தை இறக்கி வலையைப் பிரித்தார். கிளைகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு விரிந்தன. நல்ல மரம். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம், அடியிலிருந்து நுனிவரை அடர்த்தி. அப்போதுதான் அடிமரத்தில் அதைப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில், பட்டையைச் சுற்றி, சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். கரையோரம் முழுக்க வனத்துறையின் சவுக்குத் தோப்புதான். அதில் சில மரங்களுக்குப் பெயிண்டில் குறி போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு கிளையை ஒடித்தாலும் குற்றம். எனக்கு எல்லாம் ஒரு நொடியில் பொருந்திவிட்டது. தேர்வு அறையில் பிட்டைப் பிடித்ததும் உடம்பில் ஒரு சூடு ஏறும். அதே சூடு.

"இது யாரு மரம்?" என்றேன்.

"நம்ம மரந்தான் சார்."

"நம்ம மரத்துக்கு எதுக்குப் பெயிண்ட்?"

"அது அம்மா போட்டது சார்."

"உங்கம்மா எதுக்கு மரத்துக்குப் பெயிண்ட் அடிக்கறாங்க?"

அவர் ஒரு கணம் சிரிக்கப்போனார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்தத் தயக்கத்தையும் நான் குறித்துக்கொண்டேன்.

"இந்த மாதிரி பதில் எத்தனை ஹால்ல கேட்டிருக்கேன் தெரியுமா? பக்கத்து பெஞ்ச் பையன் போட்டது சார், காத்துல வந்து விழுந்தது சார். ஃபாரஸ்ட்காரன் மார்க் போட்ட மரத்த வெட்டித் தூக்கிட்டு வந்து என் வீட்டு ஹால்ல நிறுத்தப் பாக்கறியா நீ?"

அதுவரை நான் அவரை ஒருமையில் அழைத்ததில்லை. அந்த "நீ" என்னிடமிருந்து தானாக வந்தது. தேர்வு அறைக் குரலில் வந்தது. மூப்பர் நட்சத்திரத்தின் ஒயரைக் கையில் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தார். மகள், "அப்பா!" என்று கத்தினாள். என் மனைவி உள்ளேயிருந்து மணல் நிரப்பிய வாளியோடு வந்து படியில் நின்றுவிட்டாள்.

"திருட்டு மரம் என் வாசப்படி தாண்டக் கூடாது," என்றேன்.

மருமகன் மரத்தைத் தூக்கி எங்கள் மதிலுக்கு வெளியே, தெரு ஓரமாகச் சாய்த்து வைத்தார். வலையை மடித்துக் காரில் போட்டார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "வரேன் சார்," என்றார். மகள் என் முகத்தைப் பார்க்காமல் அவரோடு ஏறிப்போனாள்.

அன்று மாலையே நான் போய் ஒரு அரக்கேரியாவை வாங்கி வந்தேன். அது ஹாலில் நின்றது. அதன் தட்டுக் கிளைகளில் என் மனைவி பேருக்கு நாலு பந்தைத் தொங்கவிட்டாள். "உங்க மரம். நீங்களே ஜோடிங்க," என்று மீதியைப் பெட்டியோடு என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பண்டிகை அன்று ஆலயத்துக்குப் போகும்போதும் வரும்போதும் மதிலோரம் சவுக்கு நின்றது. தெருப் பிள்ளைகள் யாரோ அதில் ஒரு தங்க நிறக் காகிதச் சங்கிலியை மாட்டியிருந்தார்கள். புத்தாண்டுக்குள் மரம் பழுப்பாகி, கீழெல்லாம் கொட்டி, குப்பை வண்டியில் போனது. அதுவரை வனத்துறையிலிருந்து யாராவது வருவார்கள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவேளை வரவேண்டும் என்றே விரும்பினேன்.

அதன் பிறகு மகள் வந்தாள். பெற்றவளைப் பார்க்க வராமல் இருக்க முடியாதே. மருமகன் அவளை வாசலில் இறக்கிவிட்டு, காரிலேயே இருப்பார். என்னைப் பார்த்தால் கண்ணாடியை இறக்கி, "நல்லா இருக்கீங்களா சார்?" என்பார். "உள்ள வாங்களேன்," என்பேன். "ஒரு கால் இருக்கு சார், ஆபீஸ் கால்," என்பார். ஞாயிற்றுக்கிழமையிலும் ஆபீஸ் கால். அவர் காதில் எதுவும் இருக்காது. பொய் என்று தெரிந்தும் நான் பிடித்துக் கேட்காத முதல் பொய் அதுதான்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"அந்தச் சிவப்பு, படகுக்கு அடிக்கற பெயிண்டாம். தடைக்காலத்துல கடலுக்குப் போகாம எல்லாரும் படகுக்கு வர்ணம் பூசுவாங்களாமே, அப்போ மிச்சம் இருந்தத எடுத்து அந்தம்மா ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க. 'இது சம்பந்தி வூட்டுக் கிறிஸ்மஸுக்கு, யாரும் கை வைக்காதீங்க'ன்னு. போன வருஷம் பூரா அந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்க. நாம நர்சரி நர்சரியா அலையறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அவங்க நமக்கு மரம் பாத்து வெச்சாச்சு."

"யார் சொன்னது?"

"உங்க பொண்ணு."

"அவளுக்கு யார் சொன்னது?"

என் மனைவி கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல சாவியோட நிக்கற பேதுருகிட்டயே ஐடி கார்டு கேப்பீங்க," என்றாள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் ஜூலையில் ஒருநாள் கிளம்பினேன். உண்மையில் நான் போனது சரிபார்ப்பதற்கு. இந்தக் கதையில் எழுதக் கடினமான வரி இதுதான். கேளம்பாக்கம் வரை பேருந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம், மரம் வரிசையாக இருக்குமா, வேலி இருக்குமா, வனத்துறைத் தோப்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசிக்கவில்லை.

சம்பந்தியம்மா வீட்டு நிழலில் உட்கார்ந்து அலுமினியக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஈரக் கையோடு எழுந்தார்.

"அய்ய, சம்பந்தி! இன்னா தனியா வந்துகினு கீறீங்க? ஒரு போன் போட்டா புள்ள வண்டி கொண்டாந்திருப்பான்ல? ஒக்காருங்க, ஒக்காருங்க. அம்மா நல்லா கீறாங்களா?"

நாற்காலி வந்தது, கலர் சோடா வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பின்னாடி சவுக்கு இருக்குன்னு சொன்னாங்களே," என்றேன்.

"வாங்க, காட்டறேன்," என்று உற்சாகமாக முன்னால் நடந்தார். வீட்டுக்குப் பின்னால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த வேலி. உள்ளே ஒரு வரிசை பெரிய சவுக்குகள், அவருடைய கணவர் காற்றுக்குத் தடுப்பாக வைத்தவை. அவற்றின் நிழலுக்கு வெளியே ஒரு வரிசை கன்றுகள். வனத்துறைத் தோப்பு எங்கோ தூரத்தில், சாலைக்கு அந்தப் பக்கம். கன்றுகளின் நடுவே ஓர் இடைவெளி. அங்கே ஒரு குட்டை அடிமரம். அதற்கடுத்த கன்றில், முழங்கால் உயரத்தில், புதிய சிவப்புக் கோடு.

"இது வர்ற கிறிஸ்மஸுக்கு. போன வருசத்தோடத விட இது நெருக்கமா கீது, பாருங்க," என்றார். பிறகு ஆசையாகக் கேட்டார்: "போன தபா மரம் எப்டி இருந்துச்சு சம்பந்தி? கூரை இடிச்சுதாமே? நுனிய நறுக்கினீங்களாமே? புள்ள சொன்னான். தெருவே வந்து பாத்துச்சின்னான். நானு ஒருநா வந்து பாக்கலாம்னா, அதுக்குள்ள எடுத்துட்டாங்கம்மான்னுட்டான்."

என் மருமகன் ஆபீஸ் கால் அல்லாத இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கிறார். எனக்காக இல்லை, அம்மாவுக்காக. ஆனால் அதில் நானும் நல்லவனாக இருந்தேன். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சம்பந்தியம்மா மகிழ்ந்திருப்பார். நானும் சோடாவைக் குடித்துவிட்டு வந்திருப்பேன்.

"மரம் எங்க வீட்டுக்குள்ள வரலம்மா," என்றேன்.

"ஏன், கோணலா இருந்துச்சா?"

"இல்ல. நான்தான் வேணாம்னுட்டேன். அந்தச் சிவப்பு பெயிண்டப் பாத்து, ஃபாரஸ்ட்ல திருடின மரம்னு சொன்னேன். வாசல்ல வெச்சு, நாலு பேர் முன்னாடி சொன்னேன். அது தெருவுலயே கெடந்து காஞ்சுபோச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கன்றைப் பார்த்தார். புடவைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என் புள்ளயவா சொன்னீங்க?"

"ஆமா."

"அவன் பரீச்சைக்குப் போறப்ப பேனா மறந்துட்டான்னாகூட பக்கத்துப் புள்ளகிட்ட கேக்கமாட்டான் சம்பந்தி. கூச்சம்." முன்பக்கம் போய்க் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கொஞ்ச நேரம் வேலியோரம் நின்றேன். பிறகு முன்பக்கம் வந்து, மூடிய கதவைப் பார்த்து, "வரேம்மா," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பேருந்தில் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற இலேசு. அது தாம்பரம்வரைகூட நிலைக்கவில்லை. மேடவாக்கம் பக்கம் வரும்போது மருமகன் போன் செய்தார். அதுவரை அவராக எனக்குப் போன் செய்ததே இல்லை.

"ஏன் சார் சொன்னீங்க?"

"உண்மையைச் சொல்லணும்னு..."

"சொல்லிட்டீங்க, உங்களுக்கு நிம்மதி. எங்கம்மா மத்தியானச் சோறுகூடச் சாப்பிடல சார். அவங்க அந்த மரத்தப் பத்தி மார்க்கெட் பூரா சொல்லி வெச்சிருந்தாங்க. சம்பந்தி வூட்டுல நம்ம மரம் நிக்குதுன்னு. நான் அத்தனை மாசம் கட்டிக் காப்பாத்தினத ஒரு சோடா குடிக்கறதுக்குள்ள உடைச்சிட்டீங்க."

பிறகு, "வெக்கறேன் சார்," என்றார். அப்போதும் "சார்" விடவில்லை.

அந்த வாக்கியங்களை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் சந்தேகப்பட்டு அவரை அவமதித்தேன். பிறகு என் நிம்மதிக்காக அவர் தாயை வருத்தினேன். இரண்டிலும் நான் என்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை.

இந்த டிசம்பர் வந்தது. எங்கள் வீட்டில் மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அரக்கேரியா கோடையிலேயே கீழ்த்தட்டுக் கிளைகளை உதிர்த்துவிட்டு மொட்டைமாடியில் நின்றது. ஒருநாள் காலை எழுந்ததும் சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"அம்மா, ஒரு மரம் வேணும். குடுப்பீங்களா?"

மறுமுனையில் மீன் ஏலம் கேட்டது. "இன்னாது?" என்றார். திரும்பவும் சொன்னேன்.

"நானும் தூக்கிகினு வரமாட்டேன், என் புள்ளயும் தூக்கிகினு வரமாட்டான். ஓணும்னா நீங்களே வந்து பாத்து எடுத்துக்கோங்க. நான் கோடு போட்டது ஓணாம். நீங்களே கை வெச்சுக் காட்டுங்க. அப்புறம் யாரு மேலயும் பழி சொல்ல முடியாதில்ல?"

நானும் என் மனைவியும் மகளும் போனோம். மகள் மருமகனை எப்படிச் சம்மதிக்கவைத்தாள் என்று தெரியாது. அவர்தான் கார் ஓட்டினார். வழியில் என் மனைவியிடம் மட்டும் பேசினார். சம்பந்தியம்மா வேலியைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கன்றுகளின் வரிசையில் நடந்தேன். ஒன்று நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் ஒரு பக்கம் கிளையே இல்லை. சிவப்புக் கோடு போட்ட மரம்தான் எல்லாவற்றிலும் நல்லது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதை வேண்டாம் என்றவர் என்னைச் சோதிக்கிறாரா, நான் அதையே கேட்கவேண்டும் என்று காத்திருக்கிறாரா, அல்லது அதை எங்களுக்குக் கொடுக்கவே மனமில்லையா என்று மூன்று விதமாகவும் யோசித்தேன். யோசித்து முடிந்த பாடில்லை. கடைசியில் ஒரு பக்கம் கிளையில்லாததன் மேல் கை வைத்தேன்.

"அதுவா? மொட்டையா கீதே," என்றார்.

"செவுத்தோரம் வெச்சா தெரியாதும்மா."

அவர் உதட்டைப் பிதுக்கினார். "பேராசிரியரு!" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. ஆனால் ரம்பத்தை அவரே எடுத்துவந்து கொடுத்தார்.

நான்தான் அறுத்தேன். மூச்சு வாங்கியது. யாரும் உதவிக்கு வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. காரில் ஏற்றிக் கட்டியதும் நான்தான். என் கட்டு மேடவாக்கம் வருவதற்குள் இரண்டு முறை அவிழ்ந்தது. இரண்டு முறையும் மருமகன் காரை ஓரமாக நிறுத்திக் காத்திருந்தார், நான் இறங்கிக் கட்டும்வரை.

எங்கள் வாசலில் வண்டி நின்றது. வழக்கம்போல் அவர் இறங்கவில்லை. மரத்தை நானும் மகளும் உள்ளே இழுத்துக்கொண்டு போனோம். ஹாலில் சுவரோரம் நிறுத்தி, வாளியில் மணலைக் கொட்டி, செங்கல்லை அண்டக் கொடுத்தோம். மொட்டைப் பக்கம் தெரியத்தான் செய்தது. கனமான பந்துகளை மாட்டியதும் சவுக்கின் கிளைகள் தரையைப் பார்த்து வளைந்தன. என் மனைவி மின்விளக்குச் சரத்தைப் பிரித்துக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தாள். கேக்கை வெட்டி ஒரு தட்டில் வைத்து மகளிடம் நீட்டினாள். காருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க.

"குடு, நான் கொண்டு போறேன்," என்றேன்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் இருக்கையில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கினார். உள்ளே வாருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் கால். அதனால் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து, தட்டோடு ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் கைப்பேசியைக் கீழே வைத்தார். என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. தட்டை நீட்டினேன். கொஞ்சம் பொறுத்து ஒரு துண்டை எடுத்தார். பசிக்கு எடுத்தாரா, எனக்காக எடுத்தாரா என்று மனசு உடனே கேட்டது. கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நானும் ஒரு துண்டை எடுத்தேன். வீட்டுக்குள் விளக்குச் சரம் எரிவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இருவரும் அதைப் பார்த்தபடி சாப்பிட்டோம்.

"ஏசி போடவா சார்?" என்றார்.

"வேணாம். மழைக் காத்து நல்லாத்தான் இருக்கு," என்றேன். அவர் என் பக்கத்துக் கண்ணாடியையும் பாதி இறக்கிவிட்டார்.